பெயர் வேறு, ஐடி வேறு: டியூனிங் பழகும் தம்பிகளுக்கு

1. வண்டியின் பெயரை வைத்து டெஃபினிஷன் ஃபைல் தேடாதீர்கள். 2006 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் என்றால் அது வண்டிக்குத்தான் அடையாளம். உள்ளே ஓடும் புரோகிராமுக்கு அடையாளம் கேலிப்ரேஷன் ஐடி. மேனுவலுக்கு ஒன்று, ஆட்டோமேடிக்குக்கு ஒன்று, நாட்டுக்கு நாடு ஒன்று. போதாததற்கு, சர்வீஸில் டீலர் புதிய புரோகிராம் ஏற்றியிருப்பார், ஓனருக்கே தெரிந்திருக்காது.

2. ஐடியை அந்த வண்டியிலிருந்தே எடுங்கள். ஓபிடி ஸ்கேனரில் மோடு 9 காட்டும். ரீட் செய்த ரோமிலும் இருக்கும்: சுபாருவின் 32 பிட் டென்சோ ஈசியுவில் பெரும்பாலும் ஹெக்ஸ் 2000 முகவரியில், பழைய 16 பிட்டில் ஹெக்ஸ் 200-இல். ரோமைத் திருத்தும் ரோம்ரைடர் மென்பொருளும் அங்கே பார்த்துத்தான் டெஃபினிஷனைப் பொருத்துகிறது.

3. பொருத்தம் இல்லையென்று ரோம்ரைடர் சொன்னால், பக்கத்து ஐடியின் டெஃபினிஷன் எக்ஸ்எம்எல்லைக் காப்பியடித்து, ஐடியை மட்டும் மாற்றி ஏமாற்றாதீர்கள். புதியவர்கள் பலர் விழும் குழி இதுதான். எந்த டேபிள் எந்த முகவரியில், எத்தனை வரிசை, எந்தக் கணக்கு என்பதுதான் டெஃபினிஷன். புரோகிராம் நாலு பைட் நகர்ந்தாலும் முகவரிகள் பொய்யாகிவிடும். ஆனால் திரையில் பொய் தெரியாது. 32 பிட் சுபாருவில் இக்னிஷன் டைமிங் ஒரு பைட்; அதை 0.3515625-ஆல் பெருக்கி 20 கழிப்பார்கள். எந்தக் குப்பை பைட்டைக் கொடுத்தாலும் மைனஸ் 20-க்கும் 70-க்கும் நடுவில் ஒரு டிகிரி வந்து நிற்கும். நீங்கள் நாக் நிற்க இரண்டு டிகிரி குறைப்பீர்கள். மாறியது வேறெதுவோ, நாக் அப்படியே இருக்கும்.

4. ஆகவே முதலில் டேபிளின் அச்சைப் பாருங்கள். 32 பிட் சுபாருவில் ஆர்பிஎம் அச்சு எண் ஒவ்வொன்றும் நாலு பைட் தசம எண். முகவரி ஒரு பைட் பிசகினாலும் கோடிக்கணக்கில் எண் வரும், அல்லது ஏறுவரிசை குலையும். ஏறுவரிசை சரியா, 3டி படம் வழவழப்பான மேடாக இருக்கிறதா என்று ஒவ்வொரு டேபிளுக்கும் பாருங்கள். ஒன்று சரியென்றால் மற்றவையும் சரி என்று நினைக்கவே கூடாது.

5. செக்சம் பாஸ் ஆனது டெஃபினிஷன் சரி என்பதற்குச் சாட்சியல்ல. அது கூட்டல் சரிபார்ப்பு. தப்பான இடத்தில் எழுதியதையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளும்.

6. ஒரிஜினல் ரோமைத் தொடாமல், ஐடியையே ஃபைல் பெயராக வைத்துச் சேமியுங்கள்.

7. டெஃபினிஷன் கிடைக்கவே இல்லையா? நெருங்கிய ஐடியின் ரோமைப் பக்கத்தில் வைத்து, ஹெக்ஸ் எடிட்டரில் அதே அச்சு எண்களைத் தேடி, முகவரிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். அகப்படாத டேபிளை எக்ஸ்எம்எல்லிலிருந்து எடுத்துவிடுங்கள். நாளாகும்தான். சாயங்காலமே வண்டி வேண்டுமென்று நிற்கும் கஸ்டமரை ஸ்டாக் ரோமோடு அனுப்பிவிடுங்கள்.