இரவு வேலைக்கு அஞ்ச வேண்டாம்

கேள்வி: தாதியர் டிப்ளோமா முடித்துவிட்டேன். உள்ளூர் ஜெலெபு மருத்துவமனையில் இடம் கேட்கலாமா, சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையிலா? இரவு வேலையை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகி, கோலா கிளாவாங்

பதில்: சகோதரி, சிரம்பானில் சிறப்புப் பிரிவுகள் அதிகம், தொழில் நன்றாகப் பிடிபடும். அங்கேயே கேளுங்கள். ஆனால் இரவெல்லாம் கண்விழித்துவிட்டு புக்கிட் தங்கா மலைச்சாலை வளைவுகளில் மோட்டார் ஓட்டி வீட்டுக்கு வருவது ஆபத்து. சிரம்பானிலேயே அறை எடுத்துத் தங்குங்கள்.

இரவு வேலையில் குழம்புவது தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் உடல் கடிகாரம்தான். அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரத்தைத் திருப்புவதில் வெளிச்சத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே இரவு வேலை முடிந்ததும் சன்னலுக்குக் கனத்த திரை போட்டு, கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். விடியும் நேரத்தில் கோப்பியும் தே தாரிக்கும் வேண்டாம். பகல் தூக்கம் சோம்பல் அல்ல என்பதை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். பயத்துக்காக இந்த நல்ல தொழிலை விட்டுவிடாதீர்கள்.