வேட்கையும் மூளையும்

போதையை விட்டவர் மீண்டும் அதை நாடினால், மன உறுதியற்றவர் என்று இகழ்ந்துவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று.

1954-ஆம் ஆண்டு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் அறிஞர் இருவர் எலிகளின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தினர். விசையை அழுத்தினால் சிறிது மின்சாரம் பாயும். சில எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அதை அழுத்தின. நாட்டத்தை வளர்க்கும் பாதை மூளையில் உண்டென்பது இதனால் புலப்பட்டது. டோபமின் என்னும் வேதிப்பொருள் அப்பாதையில் பெரும்பங்கு கொள்வதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

நல்லுணவும் டோபமினைச் சுரக்கச் செய்யும். போதைப்பொருளோ அதனை மிகையாகப் பெருக்கும். அப்போதிருந்த இடம், நேரம், தோழர் யாவும் மூளையில் பதிந்துவிடும். பின்னர் அவற்றைக் கண்ட மாத்திரத்தில் வேட்கை எழும்.

சூழல் மாறினால் அது தணியவும் கூடும். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி 1971-இல் நாடு திரும்பிய அமெரிக்கப் போர்வீரரை லீ ராபின்ஸ் அம்மையார் ஆராய்ந்தார். முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே.

ஆகவே, நம்முடன் உழைப்பவர் குடியை விட முயன்றால் இகழாதிருப்போம். கூலி நாளன்று கடை இல்லாத வழியில் அவருக்குத் துணையாக நடப்போம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.