சிறு விமானம் புகட்டும் பாடம்

முன்னுரை

ஆண்டுதோறும் பனிக்காலத்தில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகள் வந்து இறங்குகின்றன. இமயத்தைக் கடந்து வரும் அப்பறவைகளைக் காணும்பொழுது, "நமக்கும் சிறகு இருந்தால்!" என்று எண்ணாத மாணவி உண்டோ? பெரம்பலூரிலும் அரியலூரிலும் விமான நிலையம் இல்லை. திருச்சிக்குச் செல்லும் பெரிய விமானங்களை நாம் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆனால் நூற்றுக்கணக்கானோர் ஏறிச் செல்வது மட்டுமே விமானம் அன்று. ஒருவரோ இருவரோ அமர்ந்து, தாமே ஓட்டி, தாமே பேணும் சிறு விமானங்களும் உண்டு. அவற்றைப் பற்றியும், அவை நமக்குப் புகட்டும் பாடத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

சென்னையில் எழுந்த சிறகு

1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு சிறு விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். உலகமே வியந்த அச்செய்தி, சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திவந்த டி ஏஞ்செலிஸ் என்பவரின் உள்ளத்தில் கனலை மூட்டியது. அவர் தாமே ஒரு விமானத்தின் அமைப்பை வகுத்தார். வண்டி கட்டும் தொழிலில் பெயர் பெற்ற சிம்சன் நிறுவனத்தார் அதனைச் செய்து கொடுத்தனர். 1910 மார்ச் மாதத்தில் பல்லாவரத்தில் அவ்விமானம் எழுந்து பறந்தது. இந்திய மண்ணிலிருந்து எழுந்த முதல் விமானம் இதுவே என்று கருதுவோர் பலர். ஆர்வமும் உழைப்பும் கூடினால் விடுதிக்காரரும் விமானி ஆகலாம் என்பதற்கு இது சான்று அன்றோ?

ஊர்ப் பொதுக் கிணறு போல

சிறு விமானத்தை வாங்குவது ஒரு முறைச் செலவு. வைத்துக் காப்பதோ ஓயாத செலவு. பறக்காமல் நின்றாலும் கொட்டகை வாடகை, காப்புறுதி, தகுதிச் சான்று என்று பணம் கரையும். ஆகவே பலர் சேர்ந்து விமானம் வைத்துக்கொள்ளும் பறக்கும் கழகங்கள் தோன்றின. சென்னைப் பறக்கும் கழகம் 1930இல் தொடங்கப்பெற்றது. ஒரு வீட்டார் தனியே வெட்ட முடியாத கிணற்றை ஊரார் கூடி வெட்டிப் பயன்கொள்வது போன்றதே இது.

இத்தகைய கழகங்களுக்காகப் பெங்களூரில் உருவான இருவர் விமானம் 'புஷ்பக்'. அது 1958இல் முதன்முதல் பறந்தது. எஃகுக் குழாய்களால் ஆன உடலும், மேலே துணிப் போர்வையும் கொண்டது. அதன் வழித்தோன்றல் எனத்தக்கது 'ஹன்சா', அதாவது அன்னம். அதன் புதிய வகை 2021இல் முதற் பறப்பை நிகழ்த்தி, 2022இல் நம் அண்டை ஊராகிய புதுச்சேரியின் கடற்கரை வானில் சோதிக்கப்பெற்றது.

பறக்கும் முன் பார்ப்பது

சிறு விமானத்தின் விமானி வந்தவுடன் ஏறி அமர்வதில்லை. முதலில் விமானத்தைச் சுற்றி வருகிறார். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆதலால் தொட்டியில் நீர் புகுந்திருந்தால் அது அடியில் தங்கும். அந்நீர் எஞ்சினுக்குச் சென்றால் நடுவானில் எஞ்சின் நின்றுவிடும்.

வேகத்தைக் காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் சிறு குழாய் ஒன்று உண்டு. அதனுள் குளவி கூடு கட்டிவிட்டால் கருவி பொய் சொல்லும். ஆகவே விமானம் நிற்கும்பொழுது அதற்கு உறையிட வேண்டும். புறப்படும்பொழுது உறையை மறவாமல் நீக்க வேண்டும். இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் தகடுகளையும், எண்ணெய் அளவையும், சக்கரங்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தகைய எஞ்சினின் ஒவ்வொரு உருளையிலும் ஸ்பார்க் பிளக் இரண்டு. அவற்றுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவும் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும். எழும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கிப் பார்க்கின்றனர். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. அதில் இறக்கைக்குக் கிட்டும் தாங்கும் விசையும் குறையும். எனவே நம் ஊர்க் கத்திரி வெயிலில் விமானம் மேலெழ நீண்ட தூரம் ஓட வேண்டும். காலைக் குளிர்ச்சியே பறப்பதற்கு ஏற்றது.

பறந்த மணிகள் யாவும் பதிவேட்டில் ஏறும். குறித்த மணிகள் நிறைந்ததும், உரிமம் பெற்ற பொறியாளர் சோதித்துக் கையொப்பமிடுவார். ஐயம் ஒன்று எழுந்தால், "இன்று பறக்க வேண்டாம்" என்று சொல்லத் துணிய வேண்டும். நண்பர்கள் காத்திருக்க, வானம் அழைக்க, அச்சொல்லைச் சொல்வதே விமானியின் உண்மையான வீரம்.

மருதையாற்றின் நினைவு

இதன் அருமையை அரியலூர் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23ஆம் நாள் பெருமழையில் மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தைச் சிதைக்க, தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலமாயினும் விமானமாயினும், அதனை நம்பிக் கால் வைப்போர் உயிர் அதனைப் பேணுவோர் கையில் உள்ளது என்பதை மறத்தல் ஆகாது.

பெண்களும் வானமும்

சரளா தக்ரால் 1936இல், தம் 21ஆம் வயதில், புடவை அணிந்தபடியே 'ஜிப்சி மாத்' என்னும் சிறு விமானத்தைத் தனியே ஓட்டினார். அப்பொழுது அவருக்கு ஒரு பெண் குழந்தையும் இருந்தது. இன்று இந்திய விமானிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேர் பெண்கள். உலக அளவில் இது ஏறத்தாழ 5 மட்டுமே.

நம் நாட்டில் 16 வயதில் மாணவ விமானி உரிமம் பெறலாம். பத்தாம் வகுப்புத் தேறி, உடல்தகுதி பெற்று, குறைந்தது 40 மணி நேரம் பறந்து, தேர்வுகளிலும் வென்றால், 17 வயதில் தனி விமானி உரிமம் கிட்டும். செலவு மிகுதிதான்; அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் "பெண்ணுக்கு எதற்கு?" என்னும் கேள்விக்கு மட்டும் இனி இடமில்லை.

முடிவுரை

நாசரேத்தூர்த் திருக்குடும்ப இல்லத்தை வானதூதர்கள் இத்தாலியின் லொரேட்டோவுக்குச் சுமந்து வந்தனர் என்பது திருச்சபை மரபு. ஆதலால் 1920இல் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட், லொரேட்டோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். டிசம்பர் 10 அவ்வன்னையின் திருநாள். ஏலாக்குறிச்சியில் நாம் அடைக்கல மாதா என்று அழைப்பதும் அவ்வன்னையையே அன்றோ?

ஆனால் அன்னையிடம் வேண்டிக்கொள்ளும் விமானியும் குவளையில் பெட்ரோலைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். இரவில் நாம் செய்யும் ஆன்ம சோதனையும் அத்தகையதே. அடியில் தங்கிய நீர்த்துளி எது என்று நேர்மையாய்ப் பார்ப்போம். கண்டதை மறைக்காமல் நீக்குவோம். அத்தகைய உள்ளத்தை இன்றே பழகிக்கொண்டால், நாளை நம்முள் ஒருத்தி விமானி ஆனாலும், செவிலியோ ஆசிரியையோ ஆனாலும், அவளை நம்பிப் பயணம் செய்வோர் அஞ்ச வேண்டியதில்லை.