தற்கொலைச் செய்தி எழுதப்போகும் பிள்ளைகளுக்கு

1. எழுத உட்காரும்போது, தற்கொலை எண்ணத்தோடு நாளைக் காலை பேப்பரைப் புரட்டப்போகும் ஒருவரை மனதில் வையுங்கள். ஊரில் அப்படி யாராவது நிச்சயம் இருப்பார். மற்றவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கம் போவார்கள், அவர் போகமாட்டார்.

2. எப்படி இறந்தார், எந்த இடத்தில், கடிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்ற மூன்றும் வேண்டாம். காவல் நிலையத்தில் எல்லாம் சொல்வார்கள். சொன்னதற்காக எழுதிவிட வேண்டுமா? வியன்னா சுரங்க ரயில் பாதையில் நடந்த தற்கொலைகளை 1980களில் அந்நகரப் பத்திரிகைகள் பரபரப்பாக, விலாவாரியாக எழுதின. 1987 நடுவில், நிபுணர்கள் கேட்டுக்கொண்டதால் அடக்கி வாசித்தன. அந்த ஆண்டின் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் அங்கே தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. நம் பத்திரிகை கவுன்சிலும் 2019இல் இதையே நெறிமுறையாகத் தந்திருக்கிறது: முறையை விவரிக்கக்கூடாது, இடத்தைச் சொல்லக்கூடாது, பரபரப்புத் தலைப்பும் படமும் கூடாது. அதைப் பிரின்ட் எடுத்து மேசைமேல் ஒட்டிவையுங்கள்.

3. 'செல்போன் வாங்கித் தராததால்', 'அம்மா திட்டியதால்' என்று எழுதாதீர்கள். நடந்த அன்று மாலைக்குள் ஒரு சாவின் காரணம் யாருக்கும் பிடிபடாது. பல நாள் வேதனை, கவனிக்கப்படாத மனச்சோர்வு, கடன், அவமானம் எல்லாம் சேர்ந்து பின்னால் கிடக்கும். அந்த அம்மா உயிரோடு இருக்கிறார். நீங்கள் வைத்த தலைப்பை ஆயுள் முழுக்கச் சுமப்பவர் அவர்தான். தேர்வுத் தோல்வியையும் காரணமாக்காதீர்கள்; பிளஸ் டூ முடிவு வரும் நாளில், தேறாதவர்கள் துணைத்தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை முதல் பக்கத்தில் போடச் சொல்லி ஆசிரியரோடு மல்லுக்கட்டுங்கள்.

4. பிழைத்தவரைக் குற்றவாளிபோல எழுதாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது; அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. அவர் பெயரும் தெருவும் எதற்கு?

5. மருத்துவர் சொல்லாமல் யாரையும் 'மனநலம் பாதித்தவர்' என்று எழுதாதீர்கள். குற்றச்செய்தி என்றாலே அந்தச் சொல் நம் கையில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 1794 முதல் நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே வசவாக்கிவிட்டோம். நாம் இப்படிப் பேசிப்பேசித்தான் குடும்பங்கள் நோயை ஒளிக்கும்படி ஆனது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் இறந்தார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

6. சிகிச்சை எடுத்து மீண்டவர்களைத் தேடிப்போய் எழுதுங்கள், அவர்கள் சம்மதித்தால்.

7. கூட வேலை செய்பவர் ஒடுங்கிப்போயிருந்தால் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. 'இதுக்கெல்லாமா' என்று மட்டும் சொல்லாதீர்கள். சென்னையில் 1986 முதல் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் செய்வதும் பெரும்பாலும் இதுதான்: குறுக்கே பேசாமல் கேட்பது.

8. செய்தியின் கடைசியில் 104, 14416 என்ற உதவி எண்களைச் செய்தியின் எழுத்தளவிலேயே போடுங்கள். இடம் போதவில்லை என்று லேஅவுட்காரர் சொன்னால், உங்கள் செய்தியில் இரண்டு வரியை வெட்டிக்கொடுங்கள்.