ஏன் வரலன்னு கேட்க ஓர் ஆள்

காலை ஏழரை மணிக்குத் திருமானூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் மாணவர்கள் இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம். கொள்ளிடப் பாலம் தாண்டித் தஞ்சாவூர்க் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், அரியலூர் அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறவர்கள் மறுபக்கம். பாதிப் படிப்பும் முக்கால்வாசி நட்பும் பேருந்திலேயே நடந்துவிடும். ஒரு நாள் போகாமல் இருந்தால், பொழுது சாய்வதற்குள் "ஏன்டி வரல?" என்று ஒரு போன் வரும்.

இந்த இரண்டு பேருந்திலும் ஏறாத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. சிமென்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், கைக்குழந்தையோடு இருப்பவர், கல்யாணத்தால் படிப்பு நின்றுபோனவர் என்று பலரும் அதில் இருக்கிறார்கள். இவர்கள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் பட்டம் படிக்கிறார்கள். இவர்களிடம் யார் கேட்பது, ஏன் வரவில்லை என்று?

நான் கல்லூரி ஆசிரியன். 2020இல் பொதுமுடக்கம் வந்தபோது எல்லோரையும் போல ஒரே வாரத்தில் ஆன்லைன் ஆசிரியனாகவும் ஆனேன். இந்தப் படிப்பைப் பற்றிப் பெற்றோரும் மாணவரும் ஆசிரியர்களும் சொல்லும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் ஒன்றை நானே நெடுநாள் நம்பியிருந்தேன்.

நம்பிக்கை: ஆன்லைன் என்றால் தனியாகத்தான் படிக்க வேண்டும். அதில் ஒட்டுதலை எதிர்பார்க்கக் கூடாது.

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி 1979இல் வந்தது. "கரஸ்ல படிச்சேன்" என்று சொல்லும் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தபாலில் வந்த புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு, அங்கே அறிமுகமாகி நோட்ஸ் மாற்றிக்கொண்ட நண்பர், தேர்வுக்கு முதல்நாள் ஒரே அறையில் தங்கியது, இவற்றைத்தான் சொல்வார்.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கியபோது பி.பி.சி. ஒளிபரப்பு ஊரெல்லாம் பேசப்பட்டது. ஆனால் படிப்பைத் தாங்கிப் பிடித்தவர்கள் பகுதிநேர ஆசிரியர்கள். ஒரு சிறு குழுவுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். அந்தக் குழுவின் கட்டுரைகளைப் படித்து ஓரத்தில் தன் கையால் எழுதித் திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. தொலைதூரக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூர் பிற்பாடு இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மாணவருக்கும் ஆசிரியருக்கும் நடுவே உண்மையான தொலைவு கிலோமீட்டரில் இல்லை, உரையாடல் எவ்வளவு நடக்கிறது, பாடம் எப்படி அமைந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்றார். அப்படிப் பார்த்தால் முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் வெகுதூரத்தில் இருக்கலாம்.

2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அதுவே தமிழ் இணையக் கல்விக்கழகம். அதற்குத் தலைமை தாங்கிய வா.செ.குழந்தைசாமி நீரியல் வல்லுநர். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து தொலைதூரக் கல்வியின் நெளிவுசுளிவுகளை அறிந்தவர். உலகெங்கும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் தர வந்த அந்த நிறுவனம், வெளிநாடுகளில் தொடர்பு மையங்களையும் வைத்தது. திரையில் பாடம் இருந்தாலும், நேரில் பார்க்க ஒரு முகம் வேண்டும் என்று அதை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனில் தரவு அறிவியலுக்கான ஆன்லைன் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதன் மாணவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடப்பவர்கள். அவர்களைச் சில இல்லங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். நீலகிரி ஓர் இல்லம், பிச்சாவரம் இன்னோர் இல்லம். திருமானூரை ஒட்டி ஓடும் கொள்ளிடம் கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதே பிச்சாவரம்தான். வீட்டைவிட்டு வெளியே போகாமல் படிக்கும் ஒரு பெண், "நான் பிச்சாவரம்" என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. பெயர் மட்டும் இருந்தால் போதாதுதான். ஆனால் பெயரே இல்லாத கூட்டத்தில் யாரும் யாரையும் தேடமாட்டார்கள்.

என் தவறு இங்கேதான் நடந்தது. என் ஆன்லைன் வகுப்பில் 62 பேர். தினமும் முதல் பத்து நிமிடம் வருகைப் பதிவு எடுத்தேன். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேனே, இதைவிட என்ன நெருக்கம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். திருமானூர்ப் பக்கத்திலிருந்து படித்த ஒரு மாணவி ஒன்பது நாள் வரவில்லை. ஒன்பது நாளும் 'ஆப்சென்ட்' போட்டேன். பத்தாம் நாள் வந்தார். வீட்டில் ஒரே போன், அதுவும் உடைந்துவிட்டது, தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "ஒன்பது நாள் வரல சார், யாருமே கேக்கல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும்போல என்று ஏற்றுக்கொண்ட குரலில் சொன்னார்.

அன்றிலிருந்து வருகைப் பதிவை ஓர் இணையப் படிவத்தில் வாங்கிக்கொண்டு, மிச்சமான நேரத்தில் தினமும் மூன்று பேருக்குப் போன் செய்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம். பாடத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். சாப்பிட்டாயா, போன் யாரிடம் இருக்கிறது, எங்கே உட்கார்ந்து படிக்கிறாய், இவ்வளவுதான். கூடவே ஐந்தாறு பேராகப் பிரித்து, பருவம் முழுக்க அந்தக் குழுக்களை மாற்றாமல் வைத்தேன். ஐந்து பேரில் ஒருவர் வராவிட்டால் அது மற்ற நால்வரின் கண்ணில் படும், 62 பேரில் ஒருவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது.

நம்பிக்கை: வீடியோ தரமாக இருந்தால் மாணவர்கள் தானாகப் பார்ப்பார்கள்.

ஆன்லைன் படிப்பு தொடங்க நினைக்கும் கல்லூரி முதலில் கட்டுவது ஸ்டூடியோ. பச்சைத் திரை, விளக்கு, கேமரா என்று பணம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. 2014இல் ஃபிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்வைகளில் பாதியாவது ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. செலவழித்து எடுத்த ஸ்டூடியோப் பதிவைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து நேராகப் பேசும் பதிவு அதிகம் ஈர்க்கக்கூடும் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

இதைக் கேட்டு நாற்பது நிமிடப் பாடத்தை ஏழாக வெட்டிப் போட்டவர்களும் உண்டு. அது பாதி வேலை. ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு மாணவர் என்ன செய்யப்போகிறார் என்பதுதான் மீதிப் பாதி. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகவே ஆறு நிமிடப் பாடம், பிறகு ஒரு கேள்வி, அதற்கு உடனே விடை என்று அமைப்பது நல்லது.

மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடத்துக்கு நான்கு பகுதிகள் வேண்டும் என்பது விதி: வீடியோ, படிக்கும் பாடம், தன்னைத் தானே சோதிக்கும் கேள்விகள், கலந்துரையாடல். கடைசியாகச் சொல்லப்படுவதுதான் பெரும்பாலும் பாழடைந்து கிடக்கிறது. "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று எழுதி வைத்திருப்பார்கள், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எவர் வேண்டுமானாலும் பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு எவரும் பதில் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு மாணவரிடமும் அவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடியதைக் கேட்டுப் பாருங்கள்.

அரியலூரை எடுத்துக்கொள்வோம். பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1862இல் இந்த வட்டாரப் பாறைகளை வகைப்படுத்தி, ஒரு தொகுதிக்கு அரியலூர் என்றே பெயரிட்டார். நிலவியல் படிக்கிறவர்களுக்கு உலகெங்கும் தெரிந்த பெயர் இது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கடல் சிப்பிகள் கெட்டித்துக் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு பெரிய அடிமரமே கல்லாகிக் கிடக்கிறது. சென்னையிலோ டெல்லியிலோ தயாராகும் நிலவியல் பாடத்தில் ஒரு வாரப் பணி இப்படி இருக்கட்டும்: "உங்கள் ஊருக்கு அருகே கிடைக்கும் ஒரு கல்லைப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். அதன் கதையை மற்றவர்கள் ஊகிக்கட்டும்." அந்த வாரம் அரியலூர் மாவட்டத்து மாணவர் ஒருவர் சிப்பி பதிந்த கல்லைப் போட்டால், மற்ற மாநிலத்தவர் எல்லாம் அவரிடம் கேள்வி கேட்பார்கள். அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் அன்று சொல்லித்தருகிறவர் ஆகிவிடுவார்.

புள்ளியியலிலும் இதைச் செய்யலாம். சராசரியையும் விலக்கத்தையும் விளக்க அமெரிக்கக் கார்களின் மைலேஜ் எதற்கு? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுப்பதில் என்ன பாடு என்று திருமானூர் ஒன்றியத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். களத்தில் குவித்த நெல்லில் எத்தனை இடத்தில் மாதிரி எடுத்தால் சரியான அளவு கிடைக்கும் என்று கேளுங்கள். அந்த வீட்டில் அப்பாவும் பாடத்துக்குள் வந்து உட்காருவார்.

நம்பிக்கை: கேமராவை அணைத்து வைத்திருப்பவர் கவனிக்கவில்லை.

இதை நானும் நம்பினேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லியும் சார்வரியும் தங்கள் மாணவர்களிடமே காரணத்தைக் கேட்டு 2021இல் வெளியிட்டார்கள். தான் எப்படித் தெரிகிறோமோ என்ற கூச்சம், பின்னால் நடமாடும் வீட்டார், பின்னணியில் தெரியும் இடம், சரியாகக் கிடைக்காத இணையம், இவைதான் காரணங்கள். வசதியான பல்கலைக்கழகத்திலேயே இப்படி என்றால், ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் இருக்கும் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? கேமராவைக் கட்டாயமாக்கினால் அவர் வகுப்பைவிட்டே போய்விடுவார். ஆன்லைன் வகுப்புக்குள்ளேயே நான்கு பேர் மட்டும் இருக்கும் சிறு அறையில் குரலால் பேசவிடலாம், எழுத்தில் பதில் கேட்கலாம்.

நம்பிக்கை: பாதியில் விடுகிறவர்களுக்கு அக்கறை இல்லை.

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்த இணையப் பாடங்களின் பதிவுகளை ஜஸ்டின் ரைஷும் ரூய்பெரஸ் வாலியெந்தேயும் 2019இல் ஆராய்ந்தார்கள். 2017–18இல் பதிவுசெய்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. உலகம் முழுக்க இத்தனை பேருக்கா அக்கறையில்லை?

'இந்த இடம் எனக்கானதுதானா' என்ற ஐயம் படிப்பை அரிக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இந்த ஐயத்தைத் தணிக்கப் படிப்பின் தொடக்கத்தில் சில நிமிடம் எழுதவைக்கும் ஒரு சிறு பயிற்சி, வளரும் நாட்டு மாணவர்கள் நிலைத்திருக்க உதவியது என்று ரெனே கிசில்செக்கும் சகாக்களும் 2017இல் எழுதினார்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் கிசில்செக்கும் பலரும் ஏறக்குறைய 250 பாடங்களில், சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் செய்து பார்த்து 2020இல் வெளியிட்டபோது பலன் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு பயிற்சி, ஒரு வரவேற்பு மின்னஞ்சல் என்று ஒட்டுதலை விலைக்கு வாங்க முடியாது. பருவம் முழுக்க பாடத்தின் ஓட்டத்திலேயே அது இருக்க வேண்டும்.

ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் திட்டமான என்.பி.டி.இ.எல். பாடங்களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பன்னிரண்டு வாரப் பாடத்தில் பன்னிரண்டு வீட்டுப்பாடங்களில் சிறந்த எட்டின் சராசரியையே கணக்கில் எடுப்பார்கள். நான்கு வாரம் தவறினாலும் கதவு மூடுவதில்லை. தை அறுவடை, வீட்டில் ஒரு சாவு, போன் பழுது, எல்லாவற்றுக்கும் அதில் இடமிருக்கிறது. யாரிடமும் போய்க் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. விட்டுப்போனவர் தலைகுனியாமல் திரும்பி வர ஒரு வழி வைப்பதை நான் பாட அமைப்பின் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

நம்பிக்கை: ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாதவருக்கு இது சரிவராது.

பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். சந்தேகத்தைத் தமிழில் கேட்டால் எந்தத் தரமும் குறையாது. என்.பி.டி.இ.எல். தன் பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் தருகிறது. "தமிழில் கேளுங்கள்" என்று ஆசிரியர் ஒரு முறை தானே தமிழில் எழுதினால் போதும், அதுவரை பேசாதவர்கள் எழுதத் தொடங்குவார்கள்.

நம்பிக்கை: ஆன்லைன் பட்டம் செல்லாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் பட்டம், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று அக்குழுவே 2022இல் அறிவித்தது. ஒப்புதல் பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியலை அதன் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடுகிறது. கட்டணம் கட்டும் முன் அதில் பாருங்கள்.

பார்த்த பிறகு, சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்து வேறு சிலவற்றையும் கேளுங்கள். என் குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள்? என் கட்டுரையைப் படித்து எழுதப்போகும் ஆசிரியரின் பெயர் என்ன? எத்தனை வீட்டுப்பாடம் தவறலாம்? இரண்டு வாரம் நான் உள்ளே வராவிட்டால் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? கடைசிக் கேள்விக்கு, "சிஸ்டம் தானா மெயில் அனுப்பிடும்" என்று பதில் வந்தால், உடனே பணம் கட்டாதீர்கள். இன்னும் இரண்டு பல்கலைக்கழகங்களில் விசாரித்துப் பாருங்கள்.