சுமை வண்டிகளுக்கு எஃகு பம்பர் அமைத்தல்

வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் நெல், கரும்பு, காய்கறி, வைக்கோல் ஆகியவற்றைக் கொண்டு செல்வதற்கு முன்னாளில் மாட்டு வண்டியே சாதனமாயிருந்தது. இந்நாளில் பிக்கப் வண்டியும், டிராக்டருடன் பூட்டிய டிரெய்லருமே அவ்வேலையைச் செய்கின்றன. இவ்வண்டிகள் வயல் வரப்பிலிருந்து புறப்பட்டு, செங்கற்பட்டு–காஞ்சிபுரம் சாலையிலும், ஒரகடம் வழியாக வண்டலூருக்குச் செல்லும் சாலையிலும் கனரக லாரிகளோடு கலந்து ஓட வேண்டியிருக்கிறது. ஆதலால் வண்டிக்குப் பாதுகாப்பாக எஃகு பம்பர் ஒன்றைப் பட்டறையில் செய்து பொருத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் குடியானவர்களிடையே பரவியுள்ளது. எண்ணம் நல்லதே. ஆயினும், எந்த வண்டியில், எந்தப் பக்கத்தில், எவ்விதமாக அமைப்பது என்பதை அறியாமற் செய்தால், பாதுகாப்புக்கென்று செய்த பொருளே உயிருக்கு அபாயமாய் முடியும். அதனை இங்கு விவரிப்போம்.

1. பிக்கப் வண்டியின் முன்புறம்

சாலையில் குறுக்கிடும் மாடுகளிடமிருந்தும், சந்தை நெரிசலில் பிற வண்டிகள் உரசுவதிலிருந்தும் விளக்கையும் ரேடியேட்டரையும் காப்பதற்காகவே தடித்த குழாய்களாலான பம்பரை முன்புறம் பூட்டுகின்றனர். சிறு உரசல்களில் அது பயன் தருவது உண்மையே. பெரிய மோதலில் நிகழ்வது வேறு.

வண்டியின் முன்பகுதி மோதலில் நசுங்கும்படியாகவே தொழிற்சாலையில் அமைக்கப்படுகிறது. அது நசுங்குவது குறைபாடன்று. நசுங்கும் தூரத்தில்தான் வண்டியின் வேகம் படிப்படியாய்க் குறைகிறது. ஒரு கணக்கால் இதனை அறியலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு சுவரில் மோதி, முன்பகுதி 50 சென்டிமீட்டர் நசுங்கி நிற்குமாயின், வார்ப்பட்டை அணிந்து உள்ளிருப்பவர் மேல் விழும் சராசரி விசை அவரது எடையைப்போல் சுமார் 12½ மடங்காகும். அவ்வண்டியே விறைப்பான எஃகினால் தடுக்கப்பட்டு 10 சென்டிமீட்டரில் நிற்குமாயின், அவ்விசை சுமார் 63 மடங்காகிவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு முன்னது ஏறத்தாழ 750 கிலோ பாரம். பின்னது 3,780 கிலோ பாரம். வண்டி காக்கப்பட்டு ஓட்டுபவர் காக்கப்படாமற் போவது இவ்வாறே.

காற்றுப்பை உள்ள வண்டிகளில் மற்றொரு தீமையும் உண்டு. வேகம் எவ்வளவு சடுதியில் குறைகிறது என்பதை உணர்கருவி அறிந்தே பையை விரிக்கிறது. பின்னாற் சேர்த்த பம்பர் அந்த அளவை மாற்றிவிடுவதால், பை உரிய தருணத்தில் விரியாதிருக்கலாம். ஒரகடத்தில் அமைந்துள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும்பொழுது, தொழிற்சாலையில் அமைந்த உருவத்திலேயே சோதிக்கின்றனர். பட்டறையிற் சேர்த்த இரும்பு அச்சோதனைக்கு உட்பட்டதன்று. மேலும், நடந்து செல்பவர், மிதிவண்டியில் செல்பவர் ஆகியோர் மார்பிலும் தலையிலும் இக்குழாய் நேரே தாக்கும்.

எடையையும் கருதுதல் வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், முன் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் முன்னால் 60 கிலோ பம்பரைத் தொங்கவிட்டால், முன் அச்சின் மேல் 78 கிலோ ஏறும். பின் அச்சின் மேல் 18 கிலோ குறையும். சுமையின்றித் திரும்பும் வண்டியின் பின்புறம் ஏற்கெனவே இலேசானது. ஈரச் சாலையில் பிரேக்கிடுங்கால் அது இன்னும் எளிதில் சறுக்கும்.

இக்காரணங்களை முன்னிட்டே, 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகம் இத்தகைய முன்பம்பர்களின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019இல் திருத்தியமைக்கப்பட்ட 182-அ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே பிக்கப் வண்டிக்குத் தொழிற்சாலை தந்த முன்பம்பரையே வைத்துக்கொள்வது அறிவுடைமை. அது நசுங்கினால் அதே வகையில் புதியதை மாற்றிக்கொள்க.

2. பம்பர் உண்மையில் வேண்டிய இடம்

டிராக்டர் டிரெய்லரின் பின்புறமே அவ்விடம். டிரெய்லரின் படுக்கை தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. அதன் கீழ்ப் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. பின்னால் வரும் கார் மோதினால், எஞ்சின் பகுதி படுக்கையின் கீழே புகுந்து, படுக்கையின் விளிம்பு கண்ணாடியைத் தாக்கும். இரு சக்கர வண்டியில் வருபவர் கீழே சென்று சக்கரத்தருகில் விழுவார்.

இரவில் இது நேருவதற்குக் காரணம் எளிது. டிராக்டர் மணிக்கு 15 கிலோமீட்டரிலும், பின்வருபவர் 60 கிலோமீட்டரிலும் செல்வதாகக் கொள்வோம். இடைவெளி ஒவ்வொரு விநாடியும் 12½ மீட்டர் குறைகிறது. விளக்கில்லாத டிரெய்லரை 40 மீட்டரில் கண்டாலும், தப்புவதற்கு 3 விநாடிக்குச் சற்றே அதிகமான காலமே உண்டு. ஒளி திருப்பும் பட்டையால் 100 மீட்டரில் கண்டுகொண்டால் 8 விநாடி கிடைக்கும். எனவே பட்டையும் விளக்கும் முதற்காவல், பம்பர் இரண்டாங்காவல். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

3. அளவுகள்

பெரிய சரக்கு வண்டிகளின் பின்புறத் தடுப்புக்கு இந்தியத் தரநிலை 14812 (2005) அளவுகளைக் கூறுகிறது. டிராக்டர் டிரெய்லருக்கும் அவற்றையே வழிகாட்டியாகக் கொள்வது நலம்.

(அ) சுமையின்றி நிற்கும்பொழுது, பம்பரின் அடிவிளிம்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது.
(ஆ) பம்பரின் நீளம் பின் அச்சின் சக்கர வெளிப்புற அகலத்தை மிஞ்சலாகாது. ஒவ்வொரு பக்கத்திலும் 100 மில்லிமீட்டருக்கு மேல் குறையவும் கூடாது.
(இ) குறுக்குச் சட்டத்தின் உயரம் 100 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. முனைகள் பின்னோக்கி வளைந்தோ, கூராகவோ இருத்தல் கூடாது.
(ஈ) சட்டத்தைத் தாங்கும் இரு இடங்களிலும் வண்டியின் மொத்த எடையில் பாதி விசையையும், ஓரங்களிலும் நடுவிலும் எட்டில் ஒரு பங்கு விசையையும் அது தாங்குதல் வேண்டும். இவற்றுக்கு உச்ச வரம்பும் உண்டு.

சுமையுடன் 6 டன் எடையுள்ள டிரெய்லரை எடுத்துக்கொண்டால், தாங்கும் இடம் ஒவ்வொன்றிலும் 3,000 கிலோ விசையும், ஓரத்தில் 750 கிலோ விசையும் ஆகும்.

4. இரும்பைத் தெரிந்தெடுத்தல்

சக்கர வெளிப்புற அகலம் 1.8 மீட்டராயின், சட்டத்தை 1.7 மீட்டராகச் செய்யலாம். இரு கைகளுக்கிடையே 90 சென்டிமீட்டர் விட்டால், ஒவ்வொரு முனையும் 40 சென்டிமீட்டர் வெளியே நீளும். முனையில் 750 கிலோ விசை தாக்கினால் கையருகே உண்டாகும் வளைவு 30,000 கிலோ-சென்டிமீட்டர். சாதாரண எஃகு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ வரை நிலையாய் வளையாது தாங்கும். ஆகவே சட்டத்தின் குறுக்கு வெட்டுக்குரிய வளைவெதிர்ப்பு எண் 12 கன சென்டிமீட்டருக்குக் குறையலாகாது.

இங்கேதான் பட்டறைகளில் தவறு நேர்கிறது. 100 மில்லிமீட்டர் சேனல் கனமாயிருப்பதால் வலிமையுள்ளது என்று எண்ணி அதனையே நிமிர்த்திப் பூட்டுகின்றனர். அது மேலிருந்து வரும் பாரத்தை நன்கு தாங்கும். பின்னிருந்து வரும் தாக்குதலுக்கு அதன் எண் சுமார் 7½ மட்டுமே. 100 × 50 மில்லிமீட்டர் அளவும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள நீள்சதுரக் குழாயை, 100 மில்லிமீட்டர் பக்கம் நிமிர்ந்திருக்கும்படி வைத்தால், அவ்வெண் சுமார் 18 ஆகும். சேனல் மீட்டருக்குச் சுமார் 9½ கிலோ. குழாய் சுமார் 9 கிலோ. எடை குறைந்ததே இங்கு வலிமை மிகுந்தது. இரும்பின் எடையைவிட அதன் உருவமே இவ்விடத்தில் முக்கியம்.

வேண்டிய பொருள்கள்: மேற்கண்ட குழாய் 1.7 மீட்டர், 50 × 50 × 6 மில்லிமீட்டர் ஆங்கிள் சுமார் 2 மீட்டர், 8 மில்லிமீட்டர் தகட்டில் தாங்கிகள், தடிப்பேற்ற 6 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டுகள், 20 மில்லிமீட்டர் பின்கள் நான்கு, பூட்டுக் கம்பிகளுடன், 12 மில்லிமீட்டர் கனமும் தலையில் 8.8 என்ற குறியும் உள்ள போல்ட்டுகள், லாக் நட்டுகளுடன். கழற்றி மாட்டும் பகுதி முழுவதும் சுமார் 25 கிலோ எடை வரும். செலவை அன்றைய இரும்பு விலையால் பெருக்கி அறிந்துகொள்ளலாம்.

5. செய்யும் முறை

முதலாவது, டிரெய்லரைச் சமதரையில் சுமையின்றி நிறுத்தி, டயர்களில் உரிய காற்றடைத்து, சேஸின் அடியிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதிலிருந்து கையின் நீளம் தெரியவரும்.

இரண்டாவது, கையை நிமிர்ந்த ஆங்கிளாக மட்டும் விடலாகாது. கை 35 சென்டிமீட்டர் கீழிறங்கினால், 3,000 கிலோ விசை அதனை முன்னோக்கி மடக்கிவிடும். ஆதலால் கையின் அடியிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து மேலேறிச் சேஸைச் சேரும் சாய்வுக்கால் ஒன்று ஒவ்வொரு கைக்கும் இன்றியமையாதது. 45 பாகைச் சாய்வில் அதன் மேல் சுமார் 4,240 கிலோ அழுத்தம் வரும். மேற்கண்ட ஆங்கிள் இதனை எளிதில் தாங்கும்.

மூன்றாவது, குழாய், கை, சாய்வுக்கால் ஆகியவற்றை முதலில் புள்ளி வெல்டிங்கினால் பிடித்து, மூலை மட்டத்தைச் சரிபார்த்தபின், சுற்றிலும் தொடர்ந்து வெல்டிங் செய்தல் வேண்டும். பின் நுழையும் துளைகளின் இருபுறமும் 6 மில்லிமீட்டர் தகட்டைச் சேர்த்துத் தடிப்பேற்றுக. இல்லாவிடில் துளை நீண்டுவிடும்.

நான்காவது, தாங்கிகளைச் சேஸின் நிமிர்ந்த பக்கத்தில் துளையிட்டுப் போல்ட்டினால் இறுக்குக. சேஸின் மேல், கீழ்ப் பட்டைகளில் துளையிடுவதும், அவற்றின் குறுக்கே வெல்டிங் செய்வதும் பிளவுக்கு வித்திடும்.

ஐந்தாவது, குழாயின் முனைகளைத் தகட்டால் மூடி, கிரைண்டரால் கூரை மழுக்குக. மழைநீர் தங்காதபடி அடியில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று விடுக. துருவை நீக்கி, ரெட் ஆக்ஸைடு பூசி, அதன் மேல் வர்ணம் அடிக்கவும்.

தாழ்ந்த பம்பர் வரப்பிலும் வாய்க்காற் கரையிலும் இடிக்குமே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்காகவே பின்கள் அமைக்கப்படுகின்றன. வயலில் இறங்குமுன் நான்கு பின்களையும் உருவினால், இருவர் பம்பரைத் தூக்கி அப்புறப்படுத்தலாம். கவிழ்க்கும் டிப்பர்களிலும் கவிழ்க்குமுன் இவ்வாறே செய்க. சாலையேறுமுன் திரும்ப மாட்டிப் பூட்டுக் கம்பியைச் செருகுவது ஓட்டுபவரின் கடமையென வழக்கப்படுத்துதல் வேண்டும். கொல்லையில் கிடக்கும் பம்பர் ஒருவரையும் காவாது.

பம்பரின் மேல் முழு நீளத்துக்கும் சிவப்பு ஒளி திருப்பும் பட்டையை ஒட்டுக. பக்கங்களில் மஞ்சளும் முன்புறத்தில் வெள்ளையும் உரியன. எண் பலகையும் பின்விளக்கும் மறையலாகாது. வைக்கோல் ஏற்றுகையில் பட்டை மறைந்துபோவதால், வெளியே தெரியும் பம்பரில் ஒட்டுவதே மேலானது.

6. அனுமதியும் கிராமக் கடமையும்

டிரெய்லரும் பதிவுக்குட்பட்ட வண்டியே. ஆதலால் வேலையைத் தொடங்குமுன், அளவுகளுடன் கூடிய சிறு படம் ஒன்றை வரைந்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் பெறுதல் நன்று. புதிய டிரெய்லர் வாங்குவோர் இதனையும் சேர்த்தே தருமாறு செய்பவரிடம் கேட்பது அதனினும் நன்று.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொதுக் காரியங்களுக்கு ஊரார் பொறுப்பாளரைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. அவ்வட்டாரத்து ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும், சம்பா அறுவடைக்கு முன் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள டிரெய்லர்களை ஒருங்கே நிறுத்திப் பார்வையிடுவது கடினமன்று. பார்க்க வேண்டியவை ஐந்து: பின்விளக்கு எரிகிறதா, சிவப்புப் பட்டை தூசியின்றி உள்ளதா, பம்பரின் அடி 550 மில்லிமீட்டருக்குள் நிற்கிறதா, பின்களும் பூட்டுக் கம்பிகளும் முழுமையாக உள்ளனவா, வெல்டிங்கில் பிளவு கண்டிருக்கிறதா. குறை கண்டவற்றை நெல் கொள்முதல் தொடங்குமுன் சரிசெய்துகொள்ளலாம்.

மோதல் ஏதும் நேர்ந்தால், வளைந்த சட்டத்தைச் சூடேற்றி நிமிர்த்தி மீண்டும் உபயோகிக்கலாகாது. வளைந்ததனால் அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. புதிய குழாய் 1.7 மீட்டர் வாங்கி மாற்றுவதே சிக்கனமும் பத்திரமும் ஆகும்.