போர்க்கால அரசும் கல்விக் கடனும்

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் படையும் படைக்கலமுமே நம் நினைவில் எழுவன. ஆயின், படைக்கு வீரர், ஆலைக்குத் தொழிலாளர், வயலுக்கு உழவர் என மூன்றிடத்திலிருந்தும் ஒரே இளைஞனுக்கு அழைப்பு வரும்போது அவனை எங்கே நிறுத்துவது என்பதே போர்க்கால அரசின் முதற் சிக்கலாகும். அவன் இடையில் விட்டுச் சென்ற படிப்பை யார் மீட்டுக் கொடுப்பது என்பது இறுதிச் சிக்கல். இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கா இவற்றை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1941 டிசெம்பர் 7 இல் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் அமெரிக்கா போரில் இறங்கிற்று. 1942 ஏப்பிரிலில் சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற், நாட்டின் உழைப்பாளரைத் துறைதோறும் பகிர்ந்தளித்தற்கெனப் போர்க்கால ஆட்பல ஆணைக்குழுவை நிறுவினார். அப்பொழுது 20 வயது நிரம்பியோரையே கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கலாம். அவர்கள் போதாமையால் 1942 நவம்பர் 13 இல் வயதெல்லை 18 ஆகக் குறைக்கப்பட்டது.

அந்நாள் மாணவர் ஊன்றி நோக்கற்குரியது. வயதெல்லையைக் குறைத்த அச்சட்டத்திலேயே, இன்றியமையாத உழவுத் தொழிலாளரைப் படைக்கு அழையாது வயலில் நிறுத்தும் திருத்தமும் இடம்பெற்றது. சட்டத்திற் கையொப்பமிட்ட சனாதிபதி, கல்வி தடைப்பட்ட இளைஞர் பின்னர் அதனைத் தொடர்தற்கு வழிகாணக் கல்வியாளர் குழுவொன்று ஆராயும் என அறிவித்தார். ஆள், உணவு, கல்வி என்னும் மூன்றும் ஒரே சட்டத்தையொட்டி ஒருங்கு சேர்ந்தன.

உணவைப் பொறுத்தவரையில், 1942 மே மாதத்திற் சீனி பங்கீட்டுக்கு உட்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் கோப்பியும், 1943 இல் இறைச்சியும் பாற்கட்டியும் தொடர்ந்தன. செல்வர் வாங்கிக் குவியாமலும் வறியோர் வெறுங்கையராய்த் திரும்பாமலும் காப்பதே பங்கீட்டின் நோக்கம். ஆள் குறைந்த வயல்களுக்கு, 1942 ஆகஸ்ட்டில் மெக்சிக்கோவுடன் செய்த உடன்படிக்கையின்படி அந்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். 1943 இல் பெண்கள் நிலப்படையும் அமைந்தது. மக்கள் தத்தம் வீட்டு வளவுகளில் வெற்றித் தோட்டங்கள் பயிரிட்டனர்.

இனி, கல்வியை நோக்குவோம். முதலாம் உலகப் போரிற் பணிபுரிந்தோர் தமக்குரிய ஊக்கப்பணத்தை முன்கூட்டியே தரும்படி கேட்டு 1932 இல் வாசிங்டனிற் கூடியபோது படையினராலேயே விரட்டப்பட்டனர். அவ்வடு மறையாதிருந்த காலத்தில், 1944 யூன் 22 இல், ஜீ.ஐ. சட்டம் என வழங்கும் போர்வீரர் மீளமைப்புச் சட்டம் நிறைவேறியது. கற்க விரும்பியவருக்கு ஆண்டொன்றுக்கு 500 டொலர் வரை கல்விக் கட்டணமும், தனியாளாயின் மாதம் 50 டொலரும், குடும்பத்தினராயின் 75 டொலரும் அது வழங்கிற்று.

கலாசாலைகள் பணத்தை விரும்பித் தகுதியில்லாரையும் சேர்க்கும் எனச் சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் றொபேட் ஹட்சின்ஸ் அஞ்சினார். வந்தோரோ ஊன்றிக் கற்று நன்மதிப்பெய்தினர். 1947 இற் கலாசாலை மாணவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அவர்களே. 1956 இல் இத்திட்டம் முடிவுறுமுன் 78 இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவருள் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் உயர்கல்வி பயின்றோர்.

எனினும் இச்சிறப்பிற் குறையுமுண்டு. சட்டத்தின் வாசகத்தில் நிறவேறுபாடு இல்லை, நடைமுறையில் இருந்தது. தென்மாநிலங்களிற் கறுப்பின வீரருக்கு வெள்ளையர் கலாசாலைகளின் கதவு அடைபட்டிருந்தது. அவர்களுக்கெனவிருந்த சில கலாசாலைகளோ இடமின்றிப் பலரைத் திருப்பியனுப்பின. போர்க்களத்திற்கு அழைத்தபோது எல்லோரையும் அழைத்த அரசு, வகுப்பறைக்கு அழைத்தபோது எல்லோருக்கும் இடமளிக்கவில்லை.

இளைஞரின் கற்கும் பருவத்தை எடுத்துக்கொள்ளும் அரசு, அப்பருவத்தைக் கல்வியாகத் திருப்பித் தரக் கடமைப்பட்டது. அதனை ஈகை எனல் பொருந்தாது. கடன் என்றலே பொருந்தும். கடனைச் சிலருக்குத் தீர்த்துச் சிலருக்கு நிறுத்திவைத்தல் நீதியாகாது. வயது கடந்து வகுப்பறைக்கு வருவோனைக் கற்பிக்கும் தொழிலினராகிய நாம் ஐயத்தோடு நோக்காது வரவேற்போமாக.